கோர்ல கை வெக்காம கஸ்டமைஸ் பண்றது: அடெம்பியர்ல இருந்து ஓஎஸ்ஜிஐ பண்டிலுக்கு மாறலாமா?

பீன்யா_பாண்டி
வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க, ரெண்டு வாரமா மண்டைக்குள்ள இதே தான் ஓடிட்டு இருக்கு. பெங்களூர்ல பீன்யாவுக்குப் பக்கத்துல தாசரஹள்ளில கடை வெச்சிருக்கேன், கடைன்னா மூணு பேர் நாலு லேப்டாப், அவ்வளவு தான். லேத்து, சிஎன்சி, ஹீட் ட்ரீட்மென்ட்னு ஓடுற பட்டறைங்களுக்கு ஈஆர்பி, அதாவது பில்லு, ஸ்டாக், கணக்கு எல்லாத்தையும் ஒண்ணா பாக்கற சாஃப்ட்வேர், போட்டுக் குடுக்குறது பொழப்பு. எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஜாவால எழுதின ஓப்பன் சோர்ஸ் ஈஆர்பி, பழைய அடெம்பியர் 3.6. ஒம்பது கஸ்டமர்.

தெரியாதவங்களுக்காக: அடெம்பியர்ல நமக்கு வேண்டிய மாத்தத்தை எல்லாம் கஸ்டமைசேஷன் ஜார்னு ஒண்ணுல போட்டுருவோம் (ஜாவா கோடை மூட்டை கட்டற ஃபைல் தான் ஜார்). கிளாஸ்பாத்துல, அதாவது ஜாவா கோடைத் தேடற வரிசைல, அது முன்னாடி நிக்கும், அதனால கோர்ல, அதாவது மூலக் கோடுல இருக்கற இன்வாய்ஸ் கிளாஸை அப்படியே காப்பி அடிச்சு நடுவுல நாலு வரி நுழைச்சு அதே பேர்ல போட்டா நம்மளோடது தான் ஓடும். ஆரம்பத்துல இது சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. இப்ப ஒம்பது கஸ்டமருக்கும் ஒம்பது ஜார், ஒவ்வொண்ணுலயும் இன்வாய்ஸ் கிளாஸ் ஒரு காப்பி, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல.

கழுத்தை நெரிச்சது ஈ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசாங்க போர்ட்டல்ல பதிஞ்சு நம்பர் வாங்கற ஜிஎஸ்டி விதி. 2020 அக்டோபர்ல வருஷ விற்பனை 500 கோடிக்கு மேலன்னு ஆரம்பிச்சப்ப எங்க ஆளுங்களுக்கு சம்பந்தமே இல்ல, சிரிச்சுட்டு இருந்தோம். அடுத்த ஜனவரில 100 கோடி, ஏப்ரல்ல 50, 2022 ஏப்ரல்ல 20, அக்டோபர்ல 10, 2023 ஆகஸ்ட்ல 5 கோடின்னு படி படியா எறங்கி வந்துச்சு பாருங்க, ஒவ்வொரு படிக்கும் ஒருத்தர் ரெண்டு பேர்னு கஸ்டமருங்க உள்ள விழுந்தாங்க. அதே ஐஆர்என் (போர்ட்டல் ஒவ்வொரு பில்லுக்கும் தர்ற நம்பர்) கோடை ஆறு தடவை, ஆறு ஜாருக்குள்ள, ஆறு விதமா எழுதுனேன். போன மாசம் ஒரு இடத்துல கேன்சல் பண்ற பகுதில ஒரு தப்பைக் கண்டுபிடிச்சேன், சரி பண்ணேன், அப்புறம் தான் உறைச்சுது, இன்னும் அஞ்சு இடத்துல போய் அதே தப்பைத் தேடணும்னு.

இப்ப அடெம்பியர்ல இருந்து பிரிஞ்ச ஐடெம்பியர் பக்கம் போகலாமான்னு யோசனை. அதுல எல்லாமே ஓஎஸ்ஜிஐ (ஜாவா கோடைத் தனித்தனி மாட்யூலா ஓட்டற ஒரு முறை) பண்டில், நம்ம கோடை பிளக்இன்னா தனியா வெக்கலாம், சர்வர் ஓடும்போதே ஏத்தலாம் எறக்கலாம்னு சொல்றாங்க. கஸ்டமர் ஒருத்தர் "மூணு ஷிஃப்ட் ஓடுதுப்பா, நிப்பாட்டாம அப்டேட் பண்ற மாதிரி ஏதாவது பண்ணு"ன்னு கேட்டுட்டே இருக்காரு. இதுல நெசமா எறங்கி அடிபட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. விளம்பரம் வேணாம், அடி வேணும்.

சும்மா_ஒருத்தன்
எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மைக்ரோசர்வீஸா எழுதிருங்க பாஸ். 2010ல பேச வேண்டிய பேச்சு இது.

கிளாஸ்லோடர்_கந்தன்
@சும்மா_ஒருத்தன் பில்லு ஒரு சர்வீஸ்ல, ஸ்டாக் ஒரு சர்வீஸ்ல, லெட்ஜர் ஒரு சர்வீஸ்ல வெச்சுட்டு, நடுவுல ஒண்ணு விழுந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு மூணையும் ஒட்ட வெக்கறது நீங்களா வருவீங்க? மூணு பேர் கடைங்க அது. பில், ஸ்டாக், கணக்கு மூணும் ஒரே டிரான்சாக்ஷன்ல கமிட் ஆகறது (மூணும் ஏறும், இல்லன்னா ஒண்ணும் ஏறாது) தான் ஈஆர்பியோட உசுரு. மாட்யூலா பிரிக்கறது வேற, ப்ராசஸா பிரிக்கறது வேற.

பாண்டி, விஷயத்துக்கு வர்றேன். நான் இப்ப வொயிட்ஃபீல்டுல வேற வேலைல இருக்கேன், ஆனா ஆறு வருஷம் ஓஎஸ்ஜிஐயோட குடும்பம் நடத்தினவன்.

மொதல்ல கதை. 1999ல ஜோர்க் யாங்கே ஆரம்பிச்சது கம்பியர். 2006 செப்டம்பர்ல அதுல இருந்து பிரிஞ்சது அடெம்பியர். அதுல இருந்து ஹெங் சின் லோ, கார்லோஸ் ரூயிஸ் மாதிரி ஆளுங்க ஓஎஸ்ஜிஐயை அடியில வெச்சுக் கட்டினது ஐடெம்பியர். ஓஎஸ்ஜிஐயும் 1999 தான், ஆனா அது வீட்டு கேட்வே, செட்டாப் பாக்ஸ் மாதிரி பெட்டிங்களுக்காக யோசிச்சது. பெட்டி வீட்டு மூலைல ஓடிட்டே இருக்கணும், ஆஃப் பண்ணாம புது சர்வீஸ் எறக்கணும், அதுக்குன்னு வந்த டிசைன். 2004ல கோடு எழுதற டூல் எக்லிப்ஸ் 3.0 அதை எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் தான் நம்ம மாதிரி ஆளுங்க கண்ணுல பட்டுச்சு.

பண்டில்னா பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. அதே ஜார் தான், மேனிஃபெஸ்ட்ல கொஞ்சம் கூடுதல் வரி. என் பேர் இது, வெர்ஷன் இது, எனக்கு இந்தந்த பேக்கேஜ் (கிளாஸுங்களோட தொகுப்பு) வேணும், நான் வெளிய காட்டறது இந்தந்த பேக்கேஜ். அவ்வளவு தான். ஆனா ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி கிளாஸ்லோடர் (கிளாஸைத் தேடி மெமரில ஏத்தறது). அடுத்தவன் காட்டாததை நீ பார்க்கவே முடியாது. உங்க கிளாஸ்பாத் முறைல எல்லாரும் ஒரே ஹால்ல பாய் விரிச்சுப் படுத்திருக்கீங்க. இங்க ஆளுக்கு ஒரு ரூம், கதவுல தாப்பா.

அடி கேட்டீங்கல்ல, மொத அடி எங்க விழும்னு இப்பவே சொல்றேன். உங்க கஸ்டமைசேஷன் ஜாரைத் தெறந்து பாருங்க, சொந்தமா எழுதின கிளாஸ் கூட கோரோட ஓர்க் டாட் கம்பியர் டாட் மாடல் பேக்கேஜுக்குள்ளயே இருக்கும். ஏன்னா அப்படிப் போட்டா தான் அங்க இருக்கற பேக்கேஜ்-பிரைவேட் மெத்தடை, அதாவது அதே பேக்கேஜ்ல இருக்கறவங்களுக்கு மட்டும் தெறந்து வெச்ச கோடைத் தொட முடியும். எல்லாரும் பண்ணது தான், நானும் பண்ணேன். ஓஎஸ்ஜிஐல ஒரே பேக்கேஜ் ரெண்டு பண்டில்ல பிரிஞ்சு இருந்தா உங்களுக்கு வர்றது அதுல ஏதோ ஒண்ணோட பாதி தான், மீதி பாதி இருக்கற கிளாஸ் எங்கன்னு தேடிட்டு நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்னு ஒரு எரரைப் பார்த்துட்டு உக்காந்திருப்பீங்க. சொந்தப் பேர்ல பேக்கேஜ், அது மொத வேலை.

ரெண்டாவது அடி, கிளாஸ் டாட் ஃபார்நேம். பழைய கோடு பூரா டேட்டாபேஸ்ல கிளாஸ் பேரை ஸ்ட்ரிங்கா வெச்சுட்டு அதை வெச்சு லோடு பண்ணும். கோர் பண்டிலோட கிளாஸ்லோடருக்கு உங்க பண்டில் இருக்கறதே தெரியாது, பின்ன எப்படி லோடு பண்ணும்? அதனால ஐடெம்பியர்ல ஃபேக்டரின்னு வெச்சிருக்காங்க. மாடலுக்கு ஒரு ஃபேக்டரி, ப்ராசஸுக்கு ஒண்ணு, கால்அவுட்டுக்கு (ஸ்கிரீன்ல ஒரு கட்டத்தை மாத்தினா ஓடற கோடு) ஒண்ணு. உங்க பண்டில் "இந்த டேபிள் பேர் கேட்டா நான் தர்றேன்"னு சர்வீஸா ரெஜிஸ்டர் பண்ணிக்கும். காப்பி அடிச்சு மேல போடறது போய், கை தூக்கி "நான் இருக்கேன்"னு சொல்றது வருது.

ஹலசூர்_செல்வி
பாண்டி அண்ணே, நான் கோடு எழுதுற ஆள் இல்ல, டெஸ்டிங்கும் சப்போர்ட்டும். கஸ்டமர் போன் பண்ணி திட்டறது எனக்குத் தான், அதனால நானும் பேசலாம்னு நெனைக்கிறேன்.

கந்தன் சார் சொன்ன அந்தக் "கை தூக்கறது"ல ஒரு கூத்து நடந்துச்சு எங்க ஆபீஸ்ல. ரெண்டு டீம் ரெண்டு பிளக்இன் எழுதினாங்க, ரெண்டும் டெலிவரி சலான் டேபிளுக்குக் கை தூக்குச்சு. ரெண்டு பேரும் சர்வீஸ் ராங்கிங் (யாருக்கு முன்னுரிமைன்னு சொல்ற நம்பர்) 100ன்னு போட்டு வெச்சிருக்காங்க, ஒருத்தர் கோடைப் பார்த்து ஒருத்தர் அடிச்சது தானே. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினா ஒரு நாள் சலான்ல வண்டி நம்பர் கட்டாயம்னு கேக்கும், இன்னொரு நாள் கேக்காது. நான் டெஸ்ட் பண்ணி பக் போடுவேன், அவங்க "என் மெஷின்ல சரியா ஓடுதே"ன்னு மூடுவாங்க. மறுபடி தெறப்பேன். மூணு வாரம். கடைசில ஒரு சீனியர் வந்து சொன்னாரு, ராங்கிங் சமமா இருந்தா யாரு மொதல்ல ரெஜிஸ்டர் ஆனாங்களோ அவங்களுக்குத் தான் சான்ஸ், சர்வர் ஏறும்போது எந்த பண்டில் மொதல்ல எந்திரிக்குதோ அது ஜெயிக்குதுன்னு. கல்யாண வீட்டுல பந்திக்கு எடம் புடிக்கற மாதிரி. எந்த டேபிளுக்கு எந்த பண்டில், என்ன ராங்கிங்னு ஒரு ஷீட்ல எழுதி வெச்சுக்கங்க அண்ணே, அதை எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் காட்டுங்க.

இன்னொண்ணு. "நிப்பாட்டாம அப்டேட்" கேக்குற கஸ்டமரைப் பத்தி. உங்க சர்வர் ரீஸ்டார்ட்டுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?

பீன்யா_பாண்டி
@ஹலசூர்_செல்வி நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம்.

ஹலசூர்_செல்வி
ஷிஃப்ட் எத்தனை மணிக்கு மாறும்?

பீன்யா_பாண்டி
காலைல ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்து.

ஹலசூர்_செல்வி
ரெண்டு மணிக்கு மெஷினைத் தொடச்சு, கையைக் கழுவி, அடுத்த ஆள் கிட்ட ஜாப் கார்டைக் குடுத்துட்டு டீக்குப் போவாங்க, இருவது நிமிஷம் யாரும் ஸ்கிரீனைத் தொட மாட்டாங்க. நான் அங்க நின்னு பார்த்திருக்கேன். நாலு நிமிஷ ரீஸ்டார்ட்டுக்கு அவ்ளோ எடம் இருக்கு அண்ணே. அவரு பயப்படுறது ரீஸ்டார்ட்டுக்கு இல்ல, அப்டேட் பண்ணின மறுநாள் பில்லு வேற மாதிரி வருமேன்னு தான். ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

மாட்டுங்கா_மீனா
மும்பைல இருந்து எழுதறேன். நாங்க ஈஆர்பிநெக்ஸ்ட் போடற ஆளுங்க, ஜாவா பக்கமே வந்ததில்ல, ஆனா பாண்டி சொன்ன வலி எனக்கு அச்சு அசலா தெரியும், அதனால உள்ள வர்றேன்.

ஈஆர்பிநெக்ஸ்ட் இங்க மும்பைல பொறந்தது தான். ரொம்ப நாள் எல்லாமே ஒரே ரிப்போல (கோடு வெக்கற எடம்) தான் கெடந்துச்சு, ஹெச்ஆர், ஸ்கூல், ஆஸ்பத்திரி, இந்தியா ஜிஎஸ்டி, எல்லாமே. 2022ல 14வது வெர்ஷன் வந்தப்ப தான் ஹெச்ஆரைத் தனி ஆப்பா பிரிச்சாங்க, இந்தியா வரி சமாச்சாரமும் இந்தியா கம்ப்ளையன்ஸ்னு தனி ஆப் ஆச்சு. அந்த சமயத்துல நாங்க எல்லாரும் திட்டினோம். அப்கிரேடு பண்ணினா பே ஸ்லிப்பைக் காணோம்னு போன் மேல போன், ஏன்னா புது ஆப்பை இன்ஸ்டால் பண்ணணும்னு யாரும் ரிலீஸ் நோட் படிக்கல, நானும் தான்.

ஆனா இப்ப திரும்பிப் பார்த்தா அது தான் எங்களைக் காப்பாத்தினது. அரசாங்கம் ஒரு விதியை மாத்தினா அந்த ஒரு ஆப் மட்டும் புது வெர்ஷன் விடுது. 10 கோடிக்கு மேல இருக்கறவங்க 30 நாளுக்குள்ள இன்வாய்ஸை போர்ட்டல்ல ஏத்தணும்னு 2025 ஏப்ரல் 1ல இருந்து வந்துச்சே, அதுக்காக ஸ்டாக் கோடையோ ப்ரொடக்ஷன் கோடையோ யாரும் தொட வேண்டியிருக்கல. ஜெர்மனில இருக்கறவன் நம்ம ஜிஎஸ்டியைத் தூக்கிச் சுமக்கவும் வேணாம்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, எங்க பக்கம் ஹாட் லோடிங் எதுவும் கெடையாது. ஆப்பை எறக்கறோம், மைக்ரேட் ஓட்டறோம், ப்ராசஸை ரீஸ்டார்ட் பண்றோம். ஓடும்போதே மாத்தறதுங்கறது இல்லாமலே மாட்யூலா இருக்க முடியுது. பாண்டிக்கு வேண்டியது அந்தப் பிரிப்பு தான்னு எனக்குத் தோணுது, அந்த ஓட்டத்துல மாத்தறது இல்ல.

செல்வி சொன்ன பந்தி கதை எங்க வீட்டுலயும் உண்டு. ஒரே டாக்டைப்பை (பில், ஆர்டர் மாதிரி ஒரு ஆவண வகை) ரெண்டு ஆப் ஓவர்ரைடு பண்ணினா கடைசியா இன்ஸ்டால் ஆனது ஜெயிக்கும். அதனால கிளாஸை ஓவர்ரைடு பண்றதை முடிஞ்ச வரை விட்டுட்டு டாக் ஈவென்ட்ல (ஆவணம் சேவ் ஆகும்போது, சப்மிட் ஆகும்போது அடிக்கற மணி மாதிரி) தொங்கறோம், அதுல எத்தனை ஆப் வேணா வரிசையா நிக்கலாம்.

கொங்கு_கோடர்
நானும் கொஞ்சம் சேர்த்துக்கறேனுங்க. எலக்ட்ரானிக் சிட்டில ஓடூங்கற இன்னொரு ஈஆர்பி பாக்கறேன், கோயமுத்தூர் பம்ப்செட் கம்பெனிங்களுக்கு இங்கிருந்தே. ஓடூல எல்லாமே மாட்யூல் தானுங்க, மேனிஃபெஸ்ட்ல டிபென்ட்ஸ்னு எழுதினா அந்த வரிசைல ஏறும், ஒரு மாடலை இன்ஹெரிட் பண்ணி மேல மேல அடுக்கிக்கிட்டே போலாம். அழகா இருக்கும். ஆனா நடுவுல எவனாச்சும் ஒருத்தன் சூப்பர் கால் (கீழ இருக்கற கோடையும் கூப்பிடற வரி) பண்ண மறந்தா அவனுக்குக் கீழ இருக்கற எல்லா மாட்யூலோட வேலையும் சத்தமில்லாம காணாம போயிருமுங்க. எரர் கூட வராது. எங்களுக்கு அப்படித்தான் ஒரு மாசம் ஃப்ரைட் சார்ஜ் பில்லுல ஏறவே இல்ல, மொதலாளி கணக்கைக் கூட்டிப் பார்த்துட்டுக் கூப்பிட்டாரு.

பாண்டியண்ணனுக்கு ஒரு யோசனைங்க. எதையெல்லாம் பிளக்இன் ஆக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எதெல்லாம் கோடே இல்லைன்னு பாருங்க. 2025 செப்டம்பர் 22ல 12%, 28% ஸ்லாபை எடுத்தாங்கல்ல, அறிவிச்சு மூணு வாரங்கூட டைம் இல்ல. ரேட்டை டேபிள்ல வெச்சிருந்தவங்க ராத்திரி ஒரு அப்லோடு போட்டுட்டுத் தூங்கிட்டாங்க. கோடுக்குள்ள 0.12ன்னு எழுதி வெச்சிருந்தவங்க என்ன பண்ணாங்கன்னு கேக்காதீங்க, நானும் அதுல ஒருத்தன் தானுங்க.

கிளாஸ்லோடர்_கந்தன்
மீனா சொன்னது தான் சரி, நான் சுத்தி வளைச்சு வர இருந்த எடத்துக்கு அவங்க நேரா போய்ட்டாங்க. இருந்தாலும் ஓட்டத்துல மாத்தறது ஏன் ஆகாதுன்னு சொல்லிடறேன், இல்லன்னா பாண்டி ஒரு நாள் ஆசைல பண்ணிப் பார்ப்பாரு.

நான் பண்ணின தப்பு இது. ஜாப் கார்டு ஆப்ஜெக்ட்டை ஒரு ஸ்டேட்டிக் மேப்புல கேஷ் பண்ணி, அதாவது மறுபடி எடுத்துக்கலாம்னு மெமரில சேர்த்து வெச்சிருந்தேன், அந்த மேப் இருந்தது வேற ஒரு காமன் பண்டில்ல. ஜாப் கார்டு பண்டிலை மட்டும் ஓடும்போதே அப்டேட் அடிச்சேன். புது கிளாஸ்லோடர் வந்துருச்சு, புது கிளாஸ் வந்துருச்சு, மேப்புக்குள்ள இருக்கறது பழைய கிளாஸோட ஆப்ஜெக்ட். வந்த எரர் இது: எம்ஜாப்கார்டை எம்ஜாப்கார்டா காஸ்ட் பண்ண முடியாது. படிச்சுட்டு அரை மணி நேரம் ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தேன். ஜாவாவுக்குப் பேர் மட்டும் போதாது, எந்த லோடர் பெத்ததுங்கறதும் சேர்ந்தது தான் கிளாஸ்.

அது சத்தம் போட்டு விழுந்தது, பரவால்ல. சத்தமே இல்லாதது இன்னொண்ணு இருக்கு. பழைய பண்டில் ஆரம்பிச்ச ஒரு த்ரெட் (பின்னாடி தனியா ஓடற வேலை) இன்னும் ஓடிட்டு இருந்தாலோ, த்ரெட்லோக்கல்ல ஏதாவது மாட்டிட்டு இருந்தாலோ அந்தப் பழைய கிளாஸ்லோடர் சாகவே சாகாது. பத்து தடவை அப்டேட் அடிச்சா பத்து பொணம் மெமரில. ஜாவா 8க்கு முன்னாடி கிளாஸுங்களுக்குன்னு இருந்த மெமரி பகுதி, பெர்ம்ஜென், ரொம்பி சர்வர் கத்திட்டு சாகும், தெரிஞ்சு போயிரும். இப்ப இருக்கற மெட்டாஸ்பேஸுக்கு நீங்களா லிமிட் வெக்கலன்னா லிமிட்டே கெடையாது, மெதுவா ரேமைத் தின்னுட்டே இருக்கும்.

அப்புறம் டேட்டாபேஸ். ஐடெம்பியர்ல டூபேக்னு பண்டிலோடயே புது டேபிள், புது காலம் எல்லாம் அனுப்பலாம், ஏறும்போது தானா போட்டுக்கும். பண்டிலைக் கழட்டினா காலம் போகாது, அதுல விழுந்த டேட்டாவும் போகாது. ஜாரைத் திருப்பி எடுக்கலாம், போன காலத்தை எடுக்க முடியாது. டேபிள்ல இருக்கற காலத்தைத் தான் சொல்றேன், தத்துவம் இல்ல.

அப்பாச்சி ஓஎஃப்பிஸ் பாருங்க, அதுவும் ஒரு ஜாவா ஈஆர்பி, 2001ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட். காம்பொனென்ட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு எக்ஸ்எம்எல், சர்வர் ஏறும்போது படிச்சு அடுக்கும், பிளக்இன்களைத் தனி ரிப்போவாவே வெச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு யாரும் அதுல ஓடும்போதே கழட்டி மாட்டணும்னு அழல.

பாண்டி, ஒம்பது கஸ்டமரையும் ஒண்ணா தூக்காதீங்க. ஒருத்தர். ஒரு பண்டில். ஈ-இன்வாய்ஸ்ல ஆரம்பிங்க, அதுக்கு ஓரம் தெளிவா இருக்கு: இன்வாய்ஸ் உள்ள வருது, ஐஆர்என்னும் க்யூஆரும் வெளிய போகுது.

சும்மா_ஒருத்தன்
நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னதுக்கு இவ்ளோ பெரிய பாடமா. ஆனா எம்ஜாப்கார்டை எம்ஜாப்கார்டா காஸ்ட் பண்ண முடியாதுங்கறதை பிரிண்ட் எடுத்து ஒட்டி வெக்கப் போறேன்.

பீன்யா_பாண்டி
நாலு வாரம் கழிச்சு வர்றேன், காணாம போய்ட்டேன்னு நெனைச்சிருப்பீங்க. பண்ணிட்டு வந்து எழுதலாம்னு இருந்தேன்.

மொதல்ல ஒரு கஸ்டமரோட ஜாரைப் பிரிச்சுப் போட்டேன். 61 கிளாஸ். ஒரு நோட்டுப் புத்தகத்துல ஒவ்வொண்ணா எழுதிக் கோடு போட்டேன். 19 கிளாஸ் எப்பவோ ஒரு பக்குக்குப் போட்ட ஒட்டு, கோர்லயே சரி ஆயிருச்சு. 14 எதுக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல, எழுதினது நான் தான், கமெண்ட்ல என் பேர் இருக்கு, கஸ்டமர் கிட்ட கேட்டா "அந்த ரிப்போர்ட்டா, அதைக் கேட்ட மேனேஜர் போய் நாலு வருஷம் ஆச்சு"ங்கறாரு. 11 வந்து கொங்கு தம்பி சொன்ன மாதிரி கோடா இருக்கவே கூடாது, ரேட்டு, பிரிண்ட்டு, நம்பர் வரிசை. மிச்சம் 17. அந்தப் பதினேழைத் தான் நான் பத்து வருஷமா மலைன்னு நெனைச்சு சொமந்திருக்கேன்.

ஈ-இன்வாய்ஸ் பண்டில் எழுதி போட்டேன், ஏறவே இல்ல. கன்சோல்ல எஸ்எஸ் (பண்டில் நெலவரம் காட்டற கமாண்ட்) அடிச்சா இன்ஸ்டால்டுன்னு நிக்குது, ரிசால்வ்டுக்கு நகர மாட்டேங்குது. டயக்னு அடிச்சுப் பார்த்தா ஜேசன் லைப்ரரி பேக்கேஜ் இல்லைங்குது. இருக்கே, வேற பண்டில்ல இருக்கேன்னு பார்த்தா அவங்க அதை எக்ஸ்போர்ட் பண்ணல, ரூமுக்குள்ள வெச்சுத் தாப்பா போட்டுட்டாங்க. கந்தன் அண்ணே, உங்க தாப்பா உவமையை அன்னைக்கு ராத்திரி நல்லா நெனைச்சுக்கிட்டேன். என் பண்டிலுக்குள்ளயே அந்த ஜாரை வெச்சுக்கிட்டேன். கூடவே இன்னொண்ணு தெரிஞ்சுது, இம்போர்ட்ல வெறுமன 2.8.0ன்னு போட்டா நான் நெனைச்சேன் 2.8 மட்டும்னு, அது 2.8க்கு மேல எது வேணா, 9.0 கூட சரிங்குதாம். [2.8,3) னு அடைப்புக்குறி போட்டு தான் வேலி கட்டணும்.

அடுத்தது பெருசு. டாக் ஆஃப்டர் கம்ப்ளீட்னு, இன்வாய்ஸ் கம்ப்ளீட் ஆனதும் அடிக்கற ஒரு ஈவென்ட்ல தொங்கி, அங்கயே போர்ட்டலுக்கு கால் போட்டேன். டெஸ்ட்ல சூப்பர். செல்வி ஒரு நாள் வந்து டெஸ்ட் பண்ணித் தந்தாங்க, அவங்க முதல்ல பண்ணினதே நெட் வயரைப் புடுங்கினது. புடுங்கிட்டு இன்வாய்ஸ் கம்ப்ளீட் அடிச்சாங்க. அந்த ஈவென்ட் டிரான்சாக்ஷனுக்குள்ள ஓடுது, கால் டைம் அவுட் ஆகற வரைக்கும் இன்வாய்ஸ் ரோ லாக், அதோட ஸ்டாக் ரோவும் லாக், ஸ்டோர்ஸ்ல இருக்கறவர் மெட்டீரியல் இஷ்யூ அடிச்சா சக்கரம் சுத்துது. இப்ப அந்த ஈவென்ட் ஒரு க்யூ டேபிள்ல ஒரு வரி மட்டும் எழுதும், கமிட் ஆனதுக்கு அப்புறம் ஷெட்யூலர் எடுத்து அனுப்பும். ஐஆர்என் 64 எழுத்து, வந்ததும் இன்வாய்ஸ்ல ஒட்டும். 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ற பொத்தானும் அதே பண்டில்ல. ஒரே எடத்துல. இதை எழுதும்போது கண்ணு கலங்குது, சத்தியமா.

ரெண்டாவது பண்டில் ஜாப் வொர்க் சலான். வெளிய அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும்ல, 330வது நாள் எச்சரிக்கை அடிக்கற கோடு, அதை அப்படியே இன்னொரு கஸ்டமருக்கும் தூக்கி வெச்சேன், ஒரு எழுத்து மாத்தல.

கஸ்டமர் கிட்ட செல்வி சொன்னதைக் கேட்டேன், ரெண்டு மணிக்கு ரீஸ்டார்ட் பண்ணினா பரவால்லையான்னு. "அது பரவால்லப்பா, போன தடவை மாதிரி பில்லுல அட்ரஸ் கீழ எறங்கிடாதுல்ல?"ன்னாரு. அவ்வளவு தான் அவர் கவலை. இப்ப ரெண்டு மணிக்கு ஜாரை மாத்தறோம், ரீஸ்டார்ட் அடிக்கறோம், கேன்டீன்ல டீ குடிச்சுட்டு வந்தா ஓடிட்டு இருக்கு.

கிளாஸ்லோடர்_கந்தன்
வயரைப் புடுங்கினது அருமை செல்வி. ஆறு வருஷத்துல எங்க டெஸ்டிங் டீம்ல யாரும் பண்ணல.

மாட்டுங்கா_மீனா
61ல 17ங்கறது எங்க பக்கம் வர்ற விகிதமும் அப்படித்தான் இருக்கும் பாண்டி, எண்ணிப் பார்க்க பயமா இருக்கு. மிச்சம் எட்டு கஸ்டமர்?

பீன்யா_பாண்டி
மாசத்துக்கு ஒருத்தர்னு வெச்சிருக்கேன். ஹீட் ட்ரீட்மென்ட்காரர் கடைசி, அவரோட ஃபர்னஸ் லாக் கோடைத் தொட எனக்கு இன்னும் தைரியம் வரல.

ஹலசூர்_செல்வி
அண்ணே ஒரு வேண்டுதல். கஸ்டமர் போன் பண்ணும்போது அவங்க கிட்ட எந்த வெர்ஷன் பண்டில் ஓடுதுன்னு எனக்குத் தெரியறதுக்கு வழியே இல்ல. கன்சோல் தெறக்கச் சொன்னா அவங்க பயந்துக்கறாங்க. பில்லு பிரிண்ட்ல க்யூஆருக்குக் கீழ பொடி எழுத்துல வெர்ஷனைப் போட்டுருங்க, "சார் பில்லு கையில இருக்கா, அடியில என்ன எழுதிருக்கு"ன்னு கேட்டுக்கறேன்.

பீன்யா_பாண்டி
போட்டாச்சு. 1.0.3 புள்ளி பில்டு9.

கிளாஸ்லோடர்_கந்தன்
பில்டு9ன்னு போடாதீங்க! கடைசி பகுதியை எழுத்தா தான் ஒப்பிடும், பில்டு10 வந்தா அது பில்டு9க்கு முன்னாடி போய் நிக்கும். தேதி நேரம் போடுங்க.

பீன்யா_பாண்டி
அய்யோ. நாளைக்கு ரெண்டு மணிக்கு மாத்தறேன்.